பேரிங்: கருத்தின் வரலாறும் அளவின் வரலாறும்

தொழில்நுட்ப வரலாற்றை எழுதும்போது 'முதலில் கண்டுபிடித்தவர் யார்?' என்ற கேள்வியிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அக்கேள்வி எவ்வளவு போதாதது என்பதற்குச் சக்கரத்தின் பேரிங் நல்ல சான்று.

வேல்ஸில் உள்ள கார்மார்தன் நகரின் இரும்புத் தொழிலதிபர் பிலிப் வாகன், வண்டியின் அச்சுக்கும் சக்கரத்தின் குடத்துக்கும் இடையே குண்டுகளை வைக்கும் அமைப்புக்கு 1794இல் காப்புரிமை பெற்றார். உரசுவதைவிட உருள்வது எளிது என்னும் கருத்து அதிலேயே முழுமையாக இருந்தது. ஆனால் குண்டுகள் சம அளவில் இல்லையெனில் பெரிய குண்டே சுமையின் பெரும்பகுதியைத் தாங்கி விரைவில் சிதையும். சம அளவுக் குண்டுகளைப் பெருமளவில் செய்யும் வழி அன்று இல்லை. 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர், எஃகுக் குண்டுகளைச் சீரான உருண்டையாக அரைத்தெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். கருத்துக்கும் அளவுக்கும் இடையே ஏறத்தாழ 90 ஆண்டுகள்!

கருத்து எங்கும் பரவலாம். அளவின் திறமையோ ஓரிடத்தில் திரள்கிறது. 1943 ஆகஸ்டிலும் அக்டோபரிலும் அமெரிக்க விமானங்கள் ஷ்வைன்ஃபர்ட்டைத் தாக்கியது அதனால்தான். அக்டோபர் 14 அன்று மட்டும் 60 குண்டுவீச்சு விமானங்களை அமெரிக்கா இழந்தது.

வளைவில் திரும்பும் வண்டியின் சக்கரம் பக்கவாட்டு அழுத்தத்தையும் தாங்க வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் குதிரை வண்டிகள் செய்த ஹென்றி டிம்கன், 1898இல் காப்புரிமை பெற்ற கூம்பு உருளை பேரிங் இரு சுமைகளையும் ஏற்றது.

1962இல் இங்கிலாந்தின் ஆபிங்டனில் உற்பத்தி தொடங்கிய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரங்களில் இவ்வகை பேரிங்குகளே உள்ளன. அவற்றின் தேய்மானத்தைச் சோதிக்க, காரை உயர்த்தித் தாங்குகட்டைமேல் நிறுத்திச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைக்கிறார்கள். ஆட்டம் தெரிந்தால் மற்றொருவர் பிரேக்கை அழுத்துவார். ஆட்டம் நின்றால் குறை பேரிங்கில். நிற்காவிடில் கிங்பின்னிலோ சஸ்பென்ஷனிலோ. சக்கரத்தைச் சுழற்றும்போது எழும் கரகரப்பும், கழற்றிய வளையத்தில் காணும் குழிகளும் வெப்பத்தின் நீலக்கறையும் தேய்மானத்தை உறுதிசெய்யும்.

மாற்றும்போது உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் இணையாகவே மாற்ற வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் கெடும். இரு பேரிங்குகளுக்கும் நடுவே ஒரு குழலும் மெல்லிய தகடுகளும் உண்டு. தகடுகளைக் கூட்டியும் குறைத்தும், நட்டை முறையாக இறுக்கிய பின்னர் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் இடைவெளி எஞ்சுமாறு அமைக்க வேண்டும். இடைவெளியே இல்லையெனில் பேரிங் சூடேறிக் கெடும். மிகுந்தால் சக்கரம் ஆடும். ஓட்டுபவரின் உயிர் இந்த நூலிழை அளவைச் சார்ந்திருக்கிறது.

'தாங்கி' என்னும் நம் கலைச்சொல் சுமையைச் சொல்கிறது, இடைவெளியைச் சொல்வதில்லை. நம் வரலாற்றெழுத்தும் அப்படித்தான்: வாகனின் காப்புரிமையைப் பதிவு செய்கிறது, அளவுமானியோடு தகடுகளை மாற்றி மாற்றிப் பொருத்தும் மெக்கானிக்கை விட்டுவிடுகிறது. 1794இன் கருத்து ஒவ்வொரு சக்கரத்திலும் மெய்யாவது அவர் கையில்தான்.