நான்காவது பைட் வந்த கதை

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள சர்வர் 1995-ல் சுவீடனில் பிறந்தது. அதனால் அதன் இயல்பு எழுத்துமுறை அன்று லத்தீன்1. அகர வரிசையும் சுவீடிஷ் வரிசைதான். நெடுங்காலம் தமிழ்த் தளங்களும் அந்த அமைப்பை மாற்றாமலே ஓடின. யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'அம்மா' என்ற சொல்லுக்கு ஐந்து குறிகள், 15 பைட். அட்டவணையின் லத்தீன்1 பத்தியோ அதை 15 எழுத்தாக எண்ணிக்கொள்ளும். திரையில் தமிழ் சரியாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. தரவை வேறு சர்வருக்கு மாற்றும் நாளில்தான் எல்லாம் புரியாத குறிகளாகக் கொட்டும்.

2004-ல் நிலைப்பதிப்பான 4.1-ல் 'யூடிஎஃப்8' வந்தது. ஆனால் அதில் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான் இடம். 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த உண்மையான யூடிஎஃப்-8 மூன்றோடு நிற்பதில்லை. இன்றைய தரப்படி நான்கு பைட் வரை போகும். மூன்று பைட்டுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது பெரிய பிழை என்றே சொல்வேன். அப்போதைய தமிழ் எழுத்துகள் எல்லாமே மூன்று பைட்டில் அடங்கியதால் நமக்கு அது உறைக்கவில்லை. அரிய சீன எழுத்துகளை எழுதியவர்கள்தான் முதலில் அவதிப்பட்டார்கள். கண்டிப்பு முறை இல்லாத சர்வரில், நான்கு பைட் எழுத்து வந்த இடத்தோடு வாக்கியம் வெட்டுப்படும். அதற்குப் பின்னால் எழுதியதெல்லாம் போய்விடும்.

2010-ல் 5.5.3 பதிப்பு நான்கு பைட்டுக்கு இடம் கொடுத்தது. பழைய பெயரில் ஏற்கெனவே எத்தனையோ அட்டவணைகள் ஓடிக்கொண்டிருந்ததால், புதியதற்கு 'யூடிஎஃப்8எம்பி4' என்று வேறு பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு யூனிகோடுக்குள் எமோஜிகள் பெருமளவில் வந்தன, தேவையும் பெருகியது. ஆனால் மாறுவது சுலபமாக இல்லை. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில், அட்டவணையின் இன்டெக்ஸுக்கு அன்று 767 பைட்தான் வரம்பு. மூன்று பைட் கணக்கில் 255 எழுத்து அதில் அடங்கும். நான்கு என்றால் 191 மட்டுமே. பழைய நிரல்களில் 191 என்ற விசித்திர எண்ணைப் பார்த்தால், காரணம் இதுதான்.

2018-ல் 8.0 வந்தபோதுதான் யூடிஎஃப்8எம்பி4 இயல்பு அமைப்பானது. மறு ஆண்டே தமிழுக்கும் அது தேவைப்பட்டது. யூனிகோடு 12.0-ல் முந்திரி (1/320), காணி (1/80) போன்ற நம் பழைய பின்னக் குறிகள் சேர்ந்தன. அவை ஒவ்வொன்றும் நான்கு பைட். கோயில் கணக்கையும் நிலக் கணக்கையும் மின்னாக்கம் செய்பவர்கள் மூன்று பைட் அட்டவணையில் அவற்றைச் சேமிக்கவே முடியாது. நான்கு பைட் அட்டவணையிலும் 'ஜெனரல்' வரிசைமுறையை வைத்தால் ஆபத்துதான்: அது முந்திரியையும் காணியையும் ஒன்றென்றே கொள்ளும்.

சர்வர் அமைப்பை மாற்றுவதால் பழைய அட்டவணைகள் தாமாக மாறிவிடாது. முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு ஒவ்வொரு அட்டவணையையும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றி, செயலி சர்வரோடு பேசும் இணைப்பிலும் அதையே குறிப்பிடுங்கள். லத்தீன்1 பத்திக்குள் தமிழ் இருந்தால் மட்டும் நேரடியாக மாற்றாதீர்கள்; முதலில் பைனரியாக்கி, அதன் பிறகு மாற்றுங்கள்.