விருந்தாய் வந்த கருவி

நரம்புக் கருவிகளுள் பெரும்பாலானவற்றில் இடக்கை விரல்களே சுரத்தைத் தேடி எடுக்கின்றன. வீணையில் மெட்டுகளின்மேல் விரல் அழுந்துகிறது. வயலினில் மெட்டில்லாத பலகையின்மேல் விரல் ஓடுகிறது. இவற்றினின்றும் வேறாக, விரலுக்குப் பதில் ஒரு மரத்துண்டையோ எஃகுத்துண்டையோ தந்தியின்மேல் வழுக்கி இசைக்கும் கருவிகள் சில உள. தமிழகத்தின் கோட்டுவாத்தியம், ஹவாய்த் தீவின் கித்தார், அமெரிக்காவின் டோப்ரோ ஆகிய மூன்றும் அவ்வினத்தைச் சார்ந்தவை.

இவ்வொலி மலேசியத் தமிழர்க்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கிராமபோன் இசைத்தட்டுகளின் வழியே ஹவாய் இசை மலாயாவில் பரவியது. பின்னர், பழைய திரைப்பாடல்களில் இழைந்து வரும் ஹவாய்க் கித்தாரை, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளானைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வானொலியிற் கேட்டு வளர்ந்தனர் ஒரு தலைமுறையினர். அக்கித்தாரின் உடன்பிறப்பாகிய டோப்ரோவின் கதையோ நம்மவருள் பலரும் அறியாதது.

மின்பெருக்கி பரவாத காலத்தில், கூட்டத்தின் இரைச்சலை மீறிக் கித்தார் ஒலிக்க வேண்டும் என்னும் தேவையே டோப்ரோவைப் படைத்தது. சுலோவாக்கிய நாட்டிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஜான் டோப்பியேரா என்பார், கித்தாரின் உடலுக்குள் மெல்லிய அலுமினியக் கிண்ணத்தைப் பொருத்தினார். தந்தியின் அதிர்வு பாலத்தின் வழியே கிண்ணத்திற்குச் சென்று, ஒலிபெருக்கியிற் போல முழங்கி வெளிவருகிறது. 1920களின் இறுதியில் அவரும் உடன்பிறந்தாரும் தொடங்கிய நிறுவனத்திற்கு, டோப்பியேரா என்பதன் முற்பகுதியையும் சகோதரர் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியையும் இணைத்து டோப்ரோ எனப் பெயரிட்டனர். சுலோவாக்கிய மொழியில் அச்சொல் ‘நல்லது’ என்றும் பொருள்படும். இதனை மடியில் மல்லாத்தி வைத்தோ, தோள்வாரில் தொங்கவிட்டோ வாசிப்பர். மெட்டுகள் இருந்தும் தந்தி அவற்றைத் தொடுவதில்லை. அவை இடத்தைக் கண்ணுக்குக் காட்டும் குறிகளே.

புளூகிராஸ் என்பது கெண்டக்கி மாநிலத்தைச் சார்ந்த பில் மன்றோ உருவாக்கிய இசைவகை. 1940களின் நடுவில் அவரது குழுவில் மாண்டலின், பாஞ்சோ, வயலின், கித்தார், பாஸ் ஆகிய ஐந்தே ஒலித்தன; டோப்ரோவுக்கு அங்கே இடமில்லை. 1955ஆம் ஆண்டு லெஸ்டர் பிளாட், ஏர்ல் ஸ்கரக்ஸ் இருவரின் குழுவில் சேர்ந்த ஜாஷ் கிரேவ்ஸ், ஸ்கரக்ஸின் பாஞ்சோ விரல்முறையை டோப்ரோவில் இயற்றிக் காட்டிய பின்னரே அவ்விசையில் அதற்கு நிலையான இருக்கை கிடைத்தது. கருநாடக இசைக்கு வயலின் வந்த கதையை ஈண்டு நினைவுகூரலாம். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வெளிநாட்டுக் கருவியாய் இருந்த வயலின் இன்றி இன்று ஒரு கச்சேரியும் நிறைவதில்லை.

விருந்தினராய் வந்த அக்கருவி, தானே விருந்தளிக்கும் நிலையை 1972இல் எய்தியது. வாஷிங்டன் நகரத்து மைக் ஆல்டிரிட்ஜ், ‘டோப்ரோ’ என்றே பெயரிட்டுத் தம் முதல் தனி இசைத்தட்டை வெளியிட்டார். அப்பொழுது அவர் முழுநேர இசைவாணர் அல்லர். செய்தித்தாள் அலுவலகத்தில் ஓவியராகப் பணியாற்றியவர். அவருடைய மாமனாகிய எல்ஸ்வொர்த் காசன்ஸ், 1928இல் ஜிம்மி ராட்ஜர்சின் இசைத்தட்டுகளில் எஃகுக் கித்தார் வாசித்தவர். ஆல்டிரிட்ஜ் தம் தட்டிற்கு வயலின் வல்ல வாசர் கிளமென்ட்ஸ், கித்தார் வல்ல டேவிட் பிராம்பர்க் முதலியோரை அழைத்துக்கொண்டார். தனித்தட்டு எனினும் அதில் ஒருவர் தனியே பேசவில்லை. கிரேவ்சின் வாசிப்பு பாஞ்சோவைப் போல விரைந்து தெறிப்பது. ஆல்டிரிட்ஜின் வாசிப்போ ஒவ்வொரு சுரத்தையும் தேய்த்து மெருகிட்டு வைப்பது. இவ்வேறுபாடு தெளிவாய்ப் புலப்படுவதற்குக் காரணம், பக்கத்தில் அமர்ந்த விருந்தினர் விட்டுக்கொடுத்த இடமேயாகும். நம் மேடைகளில் பக்கவாத்தியக்காரர் இதனை நன்கறிவர். ஒலிவாங்கியின் அளவைக் கூட்டுவோர் சிலரே அறியார்.

இனிக் கோட்டுவாத்தியத்தைக் காண்போம். கோடு என்னும் சொல்லுக்குக் கொம்பு, கிளை எனப் பொருளுண்டு. தந்தியின்மேல் வழுக்கும் கோலால் இசைப்பதனால் கருவி இப்பெயர் பெற்றது என்பர். சிலப்பதிகாரம் பற்றிய ஆய்வுகளில் வரும் செங்கோட்டியாழோடு இதனை ஒன்றாக்கிவிடல் ஆகாது. யாழின் கோடு கருவியின் உறுப்பு, இதன் கோல் கலைஞனின் கையிலுள்ளது. திருவிடைமருதூர் சகாராம ராவ் இக்கருவியைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தினார். அவருடைய மாணவர் நாராயண ஐயங்கார் ஒத்திசைத் தந்திகளைச் சேர்த்து அதன் நாதத்தை வளப்படுத்தினார். இன்று அதற்கு இருபத்தொரு தந்திகள் உள. சித்திரவீணை என்னும் பெயரும் வழங்குகிறது. டோப்ரோவில் இருப்பதுபோல் கண்ணுக்குக் குறிகாட்டும் மெட்டுகள் இதில் இல்லை. செவி ஒன்றே வழிகாட்டி. மயிரிழை தவறினும் சுரம் பிறழும். பயில்வோர் அருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். பிரிக்பீல்ட்சில் 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி நிறுவிய டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்களை நாடும் இளைஞரிடம் கேட்டால், வீணையும் வயலினும் மிருதங்கமுமே முதலில் நாவில் வரும்.

ஹவாய்க் கித்தாருக்குக் கோட்டுவாத்தியமே தாய் என்று உவகையோடு எழுதுவோர் நம்மிடையே உளர். அவர்கள் காட்டும் சான்று கேப்ரியல் டேவியன் என்பவனைப் பற்றியது. இந்தியாவிற் பிறந்து, கப்பல் தலைவன் ஒருவனால் கவர்ந்து செல்லப்பட்டு ஹொனலுலுவை அடைந்த அவ்விளைஞன், 1880களில் கித்தாரை வழுக்கி வாசித்ததாகச் செய்தி வழங்குகிறது. அவன் தமிழன் என்பதற்கோ கோட்டுவாத்தியம் கேட்டவன் என்பதற்கோ அச்செய்தியில் ஆதாரம் இல்லை. வடநாட்டில் விசித்திர வீணையும் இம்முறையில் இசைக்கப்படுவதே. ஜோசப் கெக்கூக்கு என்னும் ஹவாய் மாணவனே எஃகுத்துண்டால் வாசிக்கும் முறையை வகுத்துப் பரப்பியவன் எனப் பலரும் கொள்வர். ஆதாரமற்ற தாய்மையை மாணவர்க்குக் கற்பிப்பது தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

மெய்யான உறவு பிற்காலத்தே ஏற்பட்டது. அதனை ஏற்படுத்தியவர் இலங்கையிற் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் சிறியதோர் இசைத்தட்டு நிறுவனம் நடத்திய இவர், 1992 செப்டம்பரில் அங்குள்ள கிறித்துவக் குருமடத்தின் சிற்றாலயத்தில் ராய் கூடரையும் செய்ப்பூர் விசுவமோகன் பட்டையும் எதிரெதிரே அமர்த்தினார். பட், கித்தாரை மாற்றியமைத்து மோகனவீணை கண்டவர். இருவரும் முதன்முறை சந்தித்து ஒருமணி நேரங்கூட ஆகாத நிலையில் ஒலிப்பதிவு தொடங்கிற்று. 1993இல் வெளிவந்த அத்தட்டு, மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. 1995இல் இரு தட்டுகள் தொடர்ந்தன. ஒன்றில் புளூகிராசின் தலைசிறந்த டோப்ரோ வல்லுநர் ஜெரி டக்ளஸ், பட்டோடும் பாஸ் வாசித்த எட்கர் மேயரோடும் இசைத்தார். மற்றொன்றாகிய ‘மும்தாஜ் மகால்’ தட்டில், தாஜ் மகால் எனப் பெயர் புனைந்த கறுப்பினப் பாடகரோடு பட்டும், நாராயண ஐயங்காரின் பேரனாகிய இரவிகிரணும் அமர்ந்தனர். இரவிகிரணின் கருவி சித்திரவீணை.

அட்டையில் தமிழ்க் கருவியாளர் பெயர் மூன்றாவதாக நின்றதைக் குறையாகக் கருத வேண்டுவதில்லை. புளூஸ் என்னும் அக்கறுப்பின இசையில் பாடகர் சுரங்களுக்கு இடைப்பட்ட நிலைகளில் தங்கி உருகுவர். கமகத்திலே பழகிய கோட்டுவாத்தியத்திற்கு அவ்விடை நிலைகள் சொந்த ஊரைப் போன்றவை.

ஆயினும் 1994இல் அமெரிக்காவில் வெளிவந்த மற்றொரு தட்டு நம்மவரைச் சிந்திக்க வைப்பது. ஜெரி டக்ளசும் டட் டெய்லரும் பத்து டோப்ரோக் கலைஞரை ஒரே தட்டில் ஒருங்கு கூட்டினர். முதியவர் ஆஸ்வால்ட், ஜாஷ் கிரேவ்ஸ், மைக் ஆல்டிரிட்ஜ் ஆகிய மூவரும் அதில் இளைஞரோடு வாசித்தனர். மறு ஆண்டு அதற்கும் கிராமி விருது கிட்டியது. ஆஸ்வால்ட் 2002இலும், கிரேவ்ஸ் 2006இலும், ஆல்டிரிட்ஜ் 2012இலும் மறைந்தனர். அவர்கள் ஒருங்கமர்ந்த ஒலி எஞ்சியுள்ளது. நாராயண ஐயங்கார், மன்னார்குடி சாவித்திரி அம்மாள், கலாசேத்திராவில் ஆசிரியராய் விளங்கிய பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் ஆகிய கோட்டுவாத்திய மேதைகள் மூவரும் 1970களின் இறுதிக்குள் மறைந்துவிட்டனர். அவர்களைத் தனித்தனியே வைத்துத்தான் இனிக் கேட்க முடியும்.