ஷெல் வழுக்களும் ஊவாவின் ஊர்ப்பெயர்களும்

தட்டச்சிடும் கட்டளையை ஏற்றுக் கணினியை இயக்கும் ஷெல்லும் அதன் துணை நிரல்களும் தொடக்கத்தில் வாய்திறக்காதவை. யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் ஷெல்லைக் கென் தாம்சன் 1971இல் எழுதினார். அவருடைய ‘எட்’ என்னும் உரைத் தொகுப்பி எந்தப் பிழைக்கும் ஒற்றைக் கேள்விக்குறியை மட்டுமே காட்டும். என்ன தவறு என்பதைப் பயனரே ஊகிக்க வேண்டும். 1979இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸோடு ஸ்டீபன் போர்னின் ஷெல் வந்தது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் அதன் வழித்தோன்றல். இவற்றில் கடைசிக் கட்டளையின் முடிவெண்ணை ‘$?’ என்று கேட்டு அறியலாம். 0 என்றால் வெற்றி. பாஷில் 127 என்றால் அப்படியொரு கட்டளையே இல்லை. 126 என்றால் கட்டளை உண்டு, இயக்க முடியவில்லை. வழு தேடுவோரின் முதல் கைப்பிடி இந்த எண்தான்.

ஆனால் அந்த எண் கடைசிக் கட்டளையைப் பற்றி மட்டுமே பேசும். தமிழ்ப் பெயர்கள் கணினிக்குள் வந்தபோது இது பெருங்குறையானது. இலங்கையின் ஊவா மாகாணத்திலுள்ள பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. சட்டப்படி அங்கே தமிழிலும் பதிவேடு இருக்க வேண்டும். அக்காலத்தில் இலங்கை அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பரவலாக இருந்தது பாமினி எழுத்துரு. அது திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ரோமன் எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமே. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதில் அரைப்புள்ளி. ஷெல்லுக்கோ அரைப்புள்ளி என்றால் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருள்.

பாமினியில் எழுதிய ஊர்ப்பெயர்களைக் கோப்புப் பெயர்களாக ஷெல் கட்டளையில் ஒட்டிப் பார்த்தால் இதன் விளைவு தெரியும். ‘பதுளை’யில் புள்ளி இல்லை, சிக்கலின்றிப் போய்விடும். ‘பண்டாரவளை’ என்ற பெயருள்ள கோப்பை அழிக்கச் சொன்னால், ‘ண்’ணில் பெயர் முறியும். முன்பாதிப் பெயரில் ஒரு கோப்பைத் தேடி ஷெல் அழிக்கப் பார்க்கும். பின்பாதியைப் புதுக் கட்டளையாக எண்ணி 127 என்று சொல்லும். ‘$?’ என்று கேட்பவருக்குக் கிடைப்பது அந்த 127 மட்டுமே. முன்பாதியின் கதி என்ன ஆனது என்பதை அது சொல்லாது, ஆபத்து அங்கேதான் இருந்தது. ஹப்புத்தளையும் ஹாலிஎலயும் வேறு விதம். பாமினியில் ‘ஹ’ என்பது பின்சாய்ந்த ஒற்றை மேற்கோள். ஷெல் அதை உட்கட்டளையின் திறப்பாகக் கொண்டு, மூடும் குறி வரும்வரை வாயைப் பிளந்து காத்திருக்கும். வழுச்செய்திகூட வராது. முழுப்பெயரையும் நேர் ஒற்றை மேற்கோளுக்குள் இட்டால் இரு கோளாறுகளும் தீரும். சிறிய மருந்துதான், நோயைக் கண்டுபிடிப்பதே கடினம்.

ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யுனிகோடு புழக்கத்துக்கு வந்ததும் இந்த வகை வழுக்கள் ஒழிந்தன. அதன் 1991இன் முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. யுடிஎஃப்-8 குறிமுறையை 1992இல் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தனர். அதில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ‘பதுளை’ 15 பைட்டு. லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட்டு எல்லை என்பதால் 85 குறியீடுகளோடு தமிழ்ப் பெயர் நின்றுவிடும். தோட்டம், பிரிவு, மாதம், பதிவேட்டின் பெயர் எல்லாவற்றையும் கோப்பின் தலையிலேயே ஏற்றும் காரியாலயப் பழக்கத்துக்கு அது தாராளமான இடமல்ல.

புதிய வழுக்கள் கண்ணுக்குத் தெரியாதவை. ‘தெமோதரை’யின் ‘மோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். யுனிகோடு இரண்டையும் சமமென்றே சொல்கிறது. 1998இல் வெளியான ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை பெயரைப் பிரித்தே சேமித்தது; லினக்ஸ் வந்த பைட்டுகளை அப்படியே வைக்கும். ஆகவே அங்கிருந்து வந்த ‘தெமோதரை’ 24 பைட்டு, லினக்ஸில் தட்டச்சிடுவது 21 பைட்டு. பட்டியலில் கோப்பு கண்முன்னே நிற்கும். பெயரைச் சொல்லித் திறந்தால் ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று பதில் வரும். மொனராகலைக்கும் இதே கதி. பதுளையும் பசறையும் தப்பிவிடுகின்றன, அவற்றில் ஒகர, ஓகாரக் குறிகள் இல்லை.

‘ஸ்ரீ’ இன்னும் சிக்கலானது. 2005இல் யுனிகோடு 4.1 தனியே ‘ஶ’வைச் சேர்த்தது. அதன்பின் ‘ஸ’வில் தொடங்குவது, ‘ஶ’வில் தொடங்குவது என இரு வடிவங்கள் புழங்குகின்றன. திரையில் இரண்டும் ஒன்றே. ஓகாரத்தைப் போல யுனிகோடு இவற்றைச் சமமென்று ஏற்கவும் இல்லை. தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பட்டியலில் ‘ஸ்ரீ’ சேர்ந்த பெயரைத் தேடினால், மற்ற வடிவில் பதிந்தவர் கிடைக்கமாட்டார். வழுச்செய்தி இல்லாமலே ஆள் காணாமற்போவார்.

இத்தகைய வழுவைப் பிடிக்க உதவுவது யுனிக்ஸின் மிகப் பழைய கருவிகளுள் ஒன்றான ‘ஓடி’. கோப்பிலுள்ளதையோ குழாய்வழி வரும் பெயர்ப்பட்டியலையோ அது பைட்டு பைட்டாக எண்களில் கொட்டும். ஒன்றுபோலத் தெரியும் இரு பெயர்களை அதனூடே செலுத்தினால் வேறுபாடு உடனே வெளிப்படும். ஓகாரக் குறிக் கோளாறைக் ‘கான்வ்எம்வி’ போன்ற நிரல் மொத்தமாகச் சீர்செய்யும்; ‘ஸ்ரீ’க்கு மாற்று விதியைக் கையால்தான் எழுத வேண்டும்.

இத்தொல்லைக்கு அஞ்சி ஊர்ப்பெயரை ரோமன் எழுத்தில் வைப்போரும் உண்டு. அப்போது பதுளையைச் சிங்கள ஒலிப்படி ஒருவரும் தமிழ் ஒலிப்படி இன்னொருவரும் எழுதுவார்கள். பசறைக்கு ஒரு ‘எஸ்’ஸா இரண்டா என்பதும் கேள்வியாகும். ஷெல் மீண்டும் அதே பதிலைத் தரும்: அப்படியொரு கோப்பு இல்லை.