கலிபோர்னியப் பாலைவனப் பூங்காக்களில் டிரெய்லர் முகாம்

காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சிறிய சக்கர வீட்டை அமெரிக்கர்கள் டிரெய்லர் என்பர். டிராக்டரின் பின்னால் கரும்பு ஏற்றிச் செல்லும் டிரெய்லரை மட்டுமே அறிந்தவர்களுக்கு இப்பெயர் சற்று மயக்கம் தரலாம். இதில் சரக்குக்குப் பதிலாகப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை இருக்கும். கலிபோர்னியா மாநிலத்தின் தென்கிழக்கில் உள்ள டெத் வேலி, ஜோசுவா ட்ரீ ஆகிய பாலைவனப் பூங்காக்களில் இத்தகைய வண்டியோடு சென்று தங்கும் வழக்கம் 1930களில் வேரூன்றியது. சக்கரம் எந்த இடத்தில் நிற்க வேண்டும், அதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி அந்த வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

நிலமும் பெயரும்

டெத் வேலி என்றால் மரணப் பள்ளத்தாக்கு. இதன் மிகத் தாழ்ந்த பகுதியான பேட்வாட்டர், கடல்மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே உள்ளது. 1913 ஜூலை 10 அன்று இங்கு பதிவான 56.7 பாகை செல்சியசே உலகின் மிக உயர்ந்த வெப்பநிலையாக ஏற்கப்பட்டுள்ளது. ஆகவே முகாமிட வருவோர் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான குளிர்காலத்திலேயே வருகின்றனர்.

1849இல் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்ட ஒரு கூட்டம் குறுக்குவழி என்று நம்பி இப்பள்ளத்தாக்கில் வந்து சிக்கிக்கொண்டது. அவர்களில் ஒரு குழுவினர் இழுவை மாடுகளைக் கொன்று, தங்கள் கூண்டு வண்டிகளையே விறகாக எரித்து இறைச்சியை வாட்டி எடுத்துக்கொண்டு நடந்தே வெளியேறினர். பள்ளத்தாக்கின் பெயர் அவர்களின் துன்பத்திலிருந்து வந்தது. ஆனால் டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு இது பன்னெடுங்காலத் தாயகம். குளிர்காலத்தில் ஊற்றருகே தங்கி, கோடையில் மலைமேல் ஏறிச் சென்று வாழ்ந்த அவர்களுக்கு இந்த நிலத்தை மரணத்தோடு சேர்த்துப் பேசுவது பிடிக்காததில் வியப்பில்லை.

டிரெய்லரின் பிறப்பு

டெட்ராய்ட் நகரில் நுண்ணுயிரியல் அறிஞராகவும் மருந்து நிறுவனத் தலைவராகவும் இருந்தவர் ஆர்தர் ஷெர்மன். 1920களின் இறுதியில் அவர் விடுமுறைக்காக ஒரு கூடார டிரெய்லர் வாங்கினார். ஐந்து நிமிடத்தில் விரித்துவிடலாம் என்பது விளம்பரம். மழை பிடித்துக்கொண்டது; கூடாரம் விரிவதற்குள் குடும்பமே நனைந்துவிட்டது. அந்த எரிச்சலில், விரிக்கவே தேவையில்லாத கெட்டிச் சுவர்ப் பெட்டி ஒன்றைத் தம் கருத்துப்படி செய்வித்தார். அதற்கு இடப்பட்ட பெயர் 'கவர்டு வேகன்', அதாவது கூண்டு வண்டி. 1849இல் டெத் வேலியில் எரிந்ததும் அவ்வகை வண்டிதான். 1930இல் டெட்ராய்ட் வாகனக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 1936 வாக்கில் அவருடைய நிறுவனமே நாட்டின் மிகப் பெரிய டிரெய்லர் உற்பத்தி நிறுவனமாகிவிட்டது.

அதே ஆண்டில் வாலி பயாம் என்பவர் அலுமினியத் தகடுகளைத் தறையாணியால் இணைத்த 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' வண்டியை 1,200 டாலர் விலையில் வெளியிட்டார். பொருளாதார மந்தக் காலத்தில் அது சாதாரணக் குடும்பம் எட்ட முடியாத தொகை. அவ்வளவு பணம் இல்லாதவர்கள் வீட்டுக் கொல்லையிலேயே டிரெய்லர் செய்துகொண்டனர். 'கண்ணீர்த்துளி' என்று வடிவத்தால் பெயர் பெற்ற வகை அவர்களுக்கு ஏற்றதாக அமைந்தது. உள்ளே இருவர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்பக்கக் கதவைத் தூக்கினால் அதன் கீழே சமையல் மேடை. 1947இல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் இவ்வகை வண்டி செய்யும் முறையை வரைபடத்தோடு வெளியிட்டது. போர் முடிந்து மிஞ்சிய பொருள்கள் மலிவாகக் கிடைத்த காலம் அது.

மைனெக்கேயின் வளையப் பாதை

இன்று அமெரிக்காவின் எந்த முகாம் திடலுக்குப் போனாலும் ஒருவழி வளையப் பாதையும், அதிலிருந்து கிளைக்கும் சிறு நிறுத்துமிடங்களும், ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு மேசையும் அடுப்பும் காணப்படும். இதை வகுத்தவர் பொறியாளரோ கட்டடக் கலைஞரோ அல்லர். வேளாண் துறையில் மரநோய் ஆய்வாளராக இருந்த எமிலியோ மைனெக்கே. 1920களில் கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளை ஆராயச் சென்ற அவர், முகாமிடுவோரின் கார்கள் விருப்பம்போல் ஏறி இறங்கியதால் மண் இறுகிப்போய் வேர்கள் நலிவதைக் கண்டார். மக்களை வரவேண்டாம் என்று சொல்ல முடியாது. கார் நிற்கும் இடத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் போதும் என்பது அவர் கண்ட தீர்வு. வளையப் பாதை, கிளை நிறுத்துமிடம், ஓரங்களில் பாறையோ மரத்துண்டோ இட்டுத் தடுப்பு என்ற திட்டத்தை 1932இல் எழுதி அளித்தார். காவலரோ அறிவிப்புப் பலகையோ இல்லாமலே ஓட்டுநர் ஒழுங்காக நிற்பார்.

ஆனால் அத்திட்டம் தனிக் காருக்காக வகுக்கப்பட்டது. டிரெய்லரோடு பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். பழகாதவர் கிளைப்பாதைக்குள் நுழைக்கவே திணறுவர். வண்டி நீண்டால் நிறுத்துமிடம் நீள வேண்டும், வளைவு அகல வேண்டும், அதற்காக மேலும் நிலம் அழிய வேண்டும். 1935இல் மைனெக்கே டிரெய்லரை ஓர் அபாயம் என்றே குறிப்பிட்டு எழுதினார். இன்னும் இருபது ஆண்டுகளில் அமெரிக்கரில் பாதிப்பேர் டிரெய்லரில்தான் வாழ்வார்கள் என்று ரோஜர் பாப்சன் என்ற பொருளாதார ஆரூடக்காரர் சொல்லிவந்த காலம் அது. அந்த ஆரூடம் பலிக்கவில்லை. ஆயினும் பூங்கா நிருவாகம் வளைந்துகொடுத்தது. 1938இல் தேசியப் பூங்காச் சேவை வெளியிட்ட கட்டுமான நூலில், பின்னால் எடுக்காமலே ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும் டிரெய்லர் நிறுத்துமிடங்களின் வரைபடங்கள் இடம்பெற்றன.

மரமே அரிதான பாலைவனத்தில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். பாலை மண்ணின் மேற்பரப்பில் பாசி, பூஞ்சை, நுண்ணுயிர்கள் பின்னிய மெல்லிய ஓடு பல இடங்களில் உண்டு. மண் காற்றில் பறக்காமல் காப்பது அதுதான். சக்கரம் ஒருமுறை ஏறினாலும் அது நொறுங்கும். மழை குறைவாதலால் மீண்டும் உருவாகப் பல்லாண்டுகள் ஆகும். 1942இல் தளபதி பேட்டன் இப்பாலைவனத்தில் படைகளுக்குப் பயிற்சி அளித்தபோது டாங்கிகள் பதித்த தடங்கள் சில இடங்களில் இன்றும் தெரிகின்றன.

டெத் வேலியில் சாலையும் தண்ணீரும்

டெத் வேலி 1933 பிப்ரவரி 11 அன்றும், ஜோசுவா ட்ரீ 1936 ஆகஸ்ட் 10 அன்றும் தேசியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டும் 1994இல் தேசியப் பூங்காக்களாயின. டெத் வேலியில் சாலை அமைத்தவர்கள் அரசின் வேலைத்திட்டப் படையான சி.சி.சி. இளைஞர்கள். மாதச் சம்பளம் 30 டாலர்; அதில் பெரும்பகுதி வீட்டுக்குப் போய்விடும். 1933 முதல் 1942 வரை அவர்கள் சுமார் 800 கிலோமீட்டர் சாலையைச் சீரமைத்து, தண்ணீர்க் குழாயும் தொலைபேசிக் கம்பியும் இட்டு, ஐந்து முகாம் திடல்களையும் அமைத்தனர்.

சாலை வந்தாலும் ஏற்றம் குறையவில்லை. கடல்மட்டத்தை ஒட்டிய ஸ்டவ்பைப் வெல்ஸிலிருந்து டவுன் கணவாய்க்கு 30 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற வேண்டும். டிரெய்லரை இழுக்கும் கார் கொதித்து நிற்பது வழக்கமாதலால், ரேடியேட்டருக்கு ஊற்றச் சாலையோரங்களில் தண்ணீர்த் தொட்டிகள் வைக்கப்பட்டன. குடிநீரை முரட்டுத்துணிப் பையில் நிரப்பிக் காரின் முன்பக்கம் தொங்கவிடுவர். துணியில் கசியும் நீர் காற்றில் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கும். நம் மண்பானை வேலை செய்வதும் இப்படியே.

ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது பூங்காவின் அறிவுரை. இருவர் ஐந்து நாள் தங்கினால் குடிப்பதற்கு மட்டும் 40 லிட்டர். அதாவது டிரெய்லரில் 40 கிலோ கூடுதல் எடை. சமையலுக்கும் கழுவுவதற்கும் வேண்டியது தனி. கழுவிய நீரைத் தரையில் கொட்டவும் கூடாது. தொட்டியில் சேர்த்து, அதற்கென உள்ள இடத்தில்தான் விட வேண்டும்.

டிம்பிஷா கிராமம்

சுற்றுலாப் பயணிக்கு இடம் ஒதுக்கிய அதே 1930களில், டிம்பிஷா மக்களை அரசு ஃபர்னஸ் கிரீக் அருகே 40 ஏக்கரில் ஒதுக்கியது. 1936இல் அங்கு சி.சி.சி. படையைக் கொண்டே மண்கல் வீடுகள் கட்டித் தரப்பட்டன. பிறகு அவர்கள் மெல்ல வெளியேற வேண்டும் என்பதே பூங்கா நிருவாகத்தின் கொள்கையாயிற்று. 1950களின் இறுதி தொடங்கி, கோடையில் மலைக்குச் சென்றவர்களின் வீடுகள் சில, ஆளில்லாத வேளையில் தண்ணீர் பீய்ச்சிக் கரைக்கப்பட்டன. எஞ்சியவர்கள் விடாமல் அங்கேயே இருந்தனர். பின்னாளில் அக்கிராமத்தின் வீடுகளிற் பலவும் டிரெய்லர்களே. குளிர்காலத்தில் இரண்டு வாரம் தங்க வந்தவரின் டிரெய்லருக்கு வரைபடம் போட்டு இடம் கொடுத்த நிருவாகம், ஊருக்கு உரியவர்களை ஆக்கிரமிப்பாளர்போல் நடத்தியது இவ்வரலாற்றின் இருண்ட பக்கம். 1983இல் அவர்கள் தனிப் பழங்குடியாக ஏற்கப்பட்டனர். 2000இல் நிறைவேறிய சட்டம் பூங்காவின் உள்ளும் வெளியுமாகச் சுமார் 7,700 ஏக்கரை அவர்களுக்கு உரிமையாக்கியது.

ஜோசுவா ட்ரீ

ஜோசுவா மரம் ஆனைக்கற்றாழையின் உறவினம். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளரும். பூங்காவில் சுமார் 500 முகாம் இடங்கள் உள்ளன. எதிலும் மின் இணைப்பு கிடையாது. பெரும்பாலான திடல்களில் தண்ணீரும் இல்லை. பிரமாண்டமான பாறைகளுக்கு நடுவே அமைந்த ஹிட்டன் வேலி, ஒயிட் டாங்க் திடல்களில் காரும் டிரெய்லரும் சேர்ந்து 25 அடிக்கு மேற்படக் கூடாது. பெரிய சொகுசு வண்டிக்காரர்கள் வேறு திடல் பார்க்க வேண்டியதுதான். சிறிய காரும் கண்ணீர்த்துளி டிரெய்லரும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும்.

2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள் அமெரிக்க அரசுப் பணிகள் முடங்கியபோது, இப்பூங்கா போதிய ஊழியர் இன்றித் திறந்தே கிடந்தது. சிலர் வண்டிகளைத் தடுப்புகளைத் தாண்டித் திறந்த பாலைவனத்தில் ஓட்டினர். ஜோசுவா மரங்களும் சேதமடைந்தன. 2019 ஜனவரி 25 அன்று முடக்கம் நீங்கியது.