சப்பாத்திக்கள்ளி கடல் கடந்த வரலாறு

தென்பாண்டிக் கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்குச் சப்பாத்திக்கள்ளியை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. மணல்மேட்டிலும், தோட்டத்து வேலியிலும், அடக்கத்தலத்தின் ஓரத்திலும் நாம் அதைக் கண்டிருக்கிறோம். சிறுவயதில் அதன் பழத்தை மணலில் போட்டுத் தேய்த்து முள் நீக்கி, உள்ளிருக்கும் நட்சத்திர முள்ளையும் எடுத்தெறிந்துவிட்டுத் தின்று, நாவெல்லாம் சிவக்க வீடு திரும்பி உம்மாவிடம் அடி வாங்கியவர்கள் நம்மில் பலர். அது நம் மண்ணின் செடி என்றே நாம் எண்ணியிருந்தோம். கள்ளி என்னும் சொல் சங்க நூல்களிலேயே இருக்கிறதே என்று வாதிடவும் செய்வோம். ஆனால் சங்கப் புலவர் கண்ட கள்ளி வேறு. அது ஒடித்தால் பால் வடிவது. தட்டை மடல்களைக் கொண்ட இந்தச் செடியோ அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. நம் முன்னோர் புதிய செடிக்குப் பழைய பெயரைச் சூட்டிவிட்டார்கள். நாளடைவில் அது வந்தது என்பதே மறந்து போயிற்று.

அதன் பயணம் சிவப்புச் சாயத்தில் தொடங்குகிறது. பழைய உலகில் உயர்ந்த சிவப்புச் சாயம், ஓக் மரங்களில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து எடுக்கப்பட்டது. அரபுகள் அதனைக் ‘கிர்மிஸ்’ என்றனர். ‘கிரிம்சன்’ என்னும் ஆங்கிலச் சொல் அந்த அரபுச் சொல்லின் வழியே வந்ததுதான். 1521இல் மெக்சிகோவை வென்ற ஸ்பானியர், கிர்மிஸை விடப் பன்மடங்கு வீரியமுள்ள சாயம் ஒன்றை அங்கே கண்டனர். கள்ளி மடல்களில் வெண்பஞ்சுத் துணுக்குப்போல் ஒட்டியிருக்கும் கொச்சினீல் என்னும் பூச்சியே அது. விரலால் நசுக்கினால் இரத்தம்போல் சிவக்கும். உலர்த்திய பூச்சிகள் ஏறத்தாழ 70,000 சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை. ஆயினும் மெக்சிகோவின் ஏற்றுமதிச் செல்வத்தில் வெள்ளிக்கு அடுத்த இடம் இப்பூச்சிக்கே இருந்தது. ஸ்பெயின் இந்த வணிகத்தை இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பிறர் கை படாமல் காத்தது. 1777இல் தியரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர், பூச்சி ஒட்டிய மடல்களை மெக்சிகோவிலிருந்து மறைத்து எடுத்துக்கொண்டு கரீபியத் தீவுக்குச் சென்றது துப்பறியும் கதைக்கு நிகரானது.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் இந்த ஆசைக்குத் தப்பவில்லை. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786இல் உள்ளூர்ப் புல் ஒன்றில் கொச்சினீலைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பி, லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அது கொச்சினீல் அன்று என்பது பிறகு தெரிந்தது. ஆனால் மருத்துவர் மனம் தளரவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைக்கப்பட்டது. கள்ளிக்கென்று வரப்பு கட்டிப் பேணிய காட்சியை அக்கால உழவர்கள் என்னவென்று நினைத்தார்களோ! 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அங்கிருந்து சென்னைக்கும் அது வந்தது. வந்ததோ மெக்சிகோவின் உயர்ந்த இனம் அன்று. சாயம் குறைந்த காட்டு இனம். கம்பெனியின் கனவு கலைந்தது.

இந்தத் தவறுதான் வரலாற்றில் இடம்பெற்றது. நாட்டில் ஏற்கெனவே வேலியாகப் பரவியிருந்த ஒரு வகைக் கள்ளியைக் காட்டுப் பூச்சி தின்று தீர்த்தது. சாயத்துக்கு உதவாத பூச்சி களையெடுக்க உதவும் என்று கண்டவர்கள், 1836க்கும் 1838க்கும் இடையில் அதனைத் தென்னிந்தியாவில் பரப்பினர். 1865க்குச் சற்று முன்னர் இலங்கைக்கும் கொண்டு சென்றனர். ஒரு நாட்டுப் பூச்சியை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய்க் களையை அழித்த முதல் வெற்றி இதுவே என்று அறிவியலார் கூறுவர்.

ஆனால் இடம் வெறுமையாக நிற்கவில்லை. அப்பூச்சி தொடாத வேறொரு கள்ளி தமிழ் மாவட்டங்களில் பரவிற்று. வேலி தோட்டமாயிற்று, தோட்டம் காடாயிற்று. புறம்போக்கும் மேய்ச்சல் நிலமும் முள்ளுக்குள் மறைந்தன. இன்று இராமநாதபுரத்தில் சீமைக்கருவேலத்தைப் பற்றி எழும் புலம்பல் அன்று கள்ளியைப் பற்றி எழுந்தது. முடிவில் 1926இல் இலங்கையிலிருந்து மற்றொரு கொச்சினீல் இனம் வருவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் முட்காடுகள் வாடிச் சரிந்தன. நம் பாட்டன்மார் கண்ட கள்ளிக் காடுகளை நாம் காணாததற்குக் காரணம் அதுவே.

ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் பெரியது. அங்கும் 1788இல் முதல் குடியேற்றக் கப்பல்கள் சாய ஆசையால்தான் கள்ளியைக் கொண்டு சென்றன. அழகுக்கும் வேலிக்கும் என்று பின்னர் வந்த வகைகள் 1925 வாக்கில் ஏறத்தாழ 6 கோடி ஏக்கரை விழுங்கின. அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் அந்த நிலத்தை மீட்டன. பூனார்கா என்னும் ஊரில் அந்தப் பூச்சியின் பெயராலேயே நினைவு மண்டபம் எழுப்பினார்கள்!

இவ்வளவையும் படித்தபின் கள்ளியைச் சாபம் என்று தீர்ப்பெழுதிவிடலாமா? மத்தியதரைக் கடலின் தென்கரைக்குச் சென்று பார்த்தால் நம் தீர்ப்பு நிற்காது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்கு வந்த பெரும்பழக் கள்ளி, கடல் தாண்டி மக்ரிப் நாடுகளுக்குச் சென்றது. 1609 முதல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட மொரிஸ்கோ முஸ்லிம்களும் அதை எடுத்துச் சென்றனர் என்பர். பெயர்களைப் பாருங்கள்! மொராக்கோவில் அது ‘கர்மூஸ் அந்நஸாரா’, அதாவது கிறிஸ்தவர்களின் அத்தி. துருக்கியில் ‘பிராங்கியரின் அத்தி’. பிரெஞ்சுக்காரருக்கோ ‘பார்பரி நாட்டு அத்தி’. துனீசியர் அதை ‘ஹிந்தி’ என்றே அழைக்கின்றனர். தாவரவியலாரும் ‘இந்திய அத்தி’ என்று லத்தீனில் பெயர் சூட்டினர். ஒவ்வொருவரும் அதனை அடுத்தவன் வீட்டுச் செடி என்று சொல்லிக்கொண்டே தம் முற்றத்தில் வளர்த்தனர். வறண்ட நிலத்தில் மனிதனுக்குப் பழமும், கால்நடைக்குத் தீனியும், வயலுக்கு வேலியும் ஆன செடி அவர்களுக்குக் களை அன்று.

பாலஸ்தீனத்தில் அதன் பெயர் ‘ஸப்ர்’. துக்க வீட்டில் நாம் “ஸபூர் செய்யுங்கள்” என்கிறோமே, அதே ஒலியுடைய சொல். ஊருக்கும் வயலுக்கும் எல்லையாக அதை நட்டார்கள். 1948இல் நானூறுக்கும் மேற்பட்ட ஊர்களின் மக்கள் வெளியேறவும் வெளியேற்றப்படவும் நேர்ந்தது. வீடுகள் இடிக்கப்பட்டன, பல இடங்களில் பைன் மரங்கள் நடப்பட்டன. ஆனால் வெட்டினாலும் வேரிலிருந்து தழைக்கும் அந்த வேலிகள் மறையவில்லை. வரைபடத்தில் பெயரிழந்த ஊர் எங்கே இருந்தது என்பதைக் கள்ளி வரிசையைக் கொண்டு முதியவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். மறுபுறத்தில் அந்நாட்டில் பிறந்த யூதர்களும் அதே சொல்லைத் தம் பெயராக்கி ‘ஸாப்ரா’ என்று சொல்லிக்கொள்கின்றனர். மண்ணுக்குரியவர் யார் என்ற வழக்கில் இரு தரப்பும் அடையாளமாகக் காட்டுவது மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு செடியை!

இப்போது பூச்சியும் அங்கே சென்றுவிட்டது. 1926இல் நம் நிலங்களை மீட்ட அதே கொச்சினீல் இனம், 2014இல் மொராக்கோவின் துக்காலா வட்டாரத்தில் காணப்பட்டது. இங்கே விடுதலையாக வந்தது அங்கே பேரிடராயிற்று. பழம் விற்று வாழ்ந்த குடும்பங்களும், விதையில் எண்ணெய் பிழிந்து விற்கும் பெண்கள் கூட்டுறவுகளும் கைபிசைந்து நின்றன. தாத்தா நட்ட வேலிகளைப் பேரர்களே பிடுங்கி எரித்தும் புதைத்தும் போட நேர்ந்தது. லெபனானிலும் பாலஸ்தீனத்திலும் வேலிகளின் மேல் அதே வெண்பஞ்சு படர்ந்திருக்கிறது. மொராக்கோவின் வேளாண் ஆய்வாளர்கள் பூச்சியைத் தாங்கும் எட்டு வகைக் கள்ளிகளைத் தேர்ந்தெடுத்துள்ளனர். அவற்றின் மடல்களை உழவர்கள் மீண்டும் நட்டு வருகிறார்கள். நட்ட மடல் வேரூன்றிப் பழம் தரச் சில ஆண்டுகள் ஆகும்.