மூடியைத் திறந்து காட்டியவர்

1946இல் டப்பர்வேர் டப்பாக்கள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது, வாங்க ஆளில்லை. பிளாஸ்டிக் என்றாலே நாற்றம், உடைசல் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. ஏர்ல் டப்பர் பாலிஎத்திலீனில் வார்த்தது வேற ரகம். பெயின்ட் டப்பா மூடியைப் பார்த்துச் செய்த மூடி. நடுவில் அமுக்கி ஓரத்தை லேசாகத் தூக்கினால், உள்ளே இருக்கிற காற்று ஏப்பம் மாதிரி வெளியே போகும். கவிழ்த்தாலும் சிந்தாது. ஆனால், யாராவது செய்து காட்டாமல் இது எப்படிப் புரியும்?

காட்டியவர் பிரௌனி வைஸ். விவாகரத்தானவர், மகனைத் தனியாக வளர்த்தவர். அக்கம்பக்கத்துப் பெண்களை ஒரு வீட்டில் கூட்டி, திரவம் நிரப்பிய டப்பாவைத் தூக்கிப் போட்டுக் காட்டுவார். விற்பனை எகிறியது. 1951இல் டப்பர் கடைகளில் விற்பதையே நிறுத்தினார். இனி வீட்டுக் கூட்டம் மட்டும்தான். வைஸ் துணைத் தலைவரானார். வேலைக்குப் போக வழியில்லாத இல்லத்தரசிகள் பலர் சொந்தக் காசு பார்த்தது இந்தக் கூட்டங்களில்தான். 1954இல் ‘பிசினஸ் வீக்’ அட்டையில் வைஸின் படம் வந்தது. அந்த அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்.

1958இல் டப்பர் அவரை வெளியே அனுப்பினார். வைஸிடம் ஒரு பங்குகூட இல்லை. வழக்குக்குப் பிறகு கிடைத்தது சுமார் 30,000 டாலர். அதே வருஷம் டப்பர் கம்பெனியை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றார்.

கம்பெனி தன் வரலாற்றில் வைஸ் பெயரை ரொம்ப காலம் சொல்லவே இல்லை. அவர் வளர்த்த முறையை மட்டும் விடவில்லை. 1996இல் டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்தபோதும் அதேதான்: ஒரு வீடு, கூடியிருக்கும் பெண்கள், நடுவில் மூடியை அமுக்கிக் காட்டும் ஒருத்தர்.