பாறையில் கண்ட கருவளையம்

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் ரயில் வாளையாற்றைக் கடந்ததும் மலைத்தொடர் இருபுறமும் விலகி வழிவிடுவதைப் பாலக்காட்டுத் தமிழ் நேயர்கள் நன்கு அறிவர். போடிமெட்டு ஏறியோ குமுளி வழியாகவோ இடுக்கித் தோட்டங்களுக்குச் சென்று குடியேறியோருக்கும் அத்தகையதோர் எல்லைக் காட்சி நினைவில் இருக்கும். மலையை எல்லோரும் பார்க்கிறோம். அம்மலையின் கல்லை மிக மெல்லிய தகடாகத் தேய்த்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதையே இங்குக் கூறப் புகுகிறோம்.

இக்கலையைத் தொடங்கி வைத்தவர் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஹென்றி சார்பி என்பவர். 1849-ஆம் ஆண்டில் அவர் கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலியத் தேய்த்தார். இன்று அத்தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அதில் மூன்று பங்கு. மலையை ஆராய நுண்ணோக்கி எதற்கு என்று நகைத்தவர்களும் அக்காலத்தில் உண்டு. தென்னாட்டில் இம்முறையைச் சிறப்பாகக் கையாண்டவர் இந்திய நிலவியல் அளவைத் துறையின் தாமஸ் ஹாலந்து. சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதியின் கருங்கல்லை ஆராய்ந்து, 1893-இல் அதற்குச் சார்னகைட் எனப் பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறை மீது கிடப்பது அந்தக் கல்லே. நெல்லியாம்பதியிலும் ஏலமலையிலும் பரந்து கிடப்பதும் அவ்வினக் கல்தான்.

தென்னாட்டு மலைப்பாறைகளின் தகடுகள் சிலவற்றில் ஒரு வியப்பைக் காணலாம். கரிய அப்பிரகத்தின் நடுவே கண்ணுக்குத் தெரியாத சிறு துகளொன்று இருக்கும். அதனைச் சுற்றி, கண்ணுக்கு மை தீட்டினாற்போல ஒரு கருவளையம். இது எதனால் ஆயிற்று? டப்ளின் நகரத்து ஜான் ஜோலி 1907-இல் விடை கூறினார். துகளிலிருந்து இடையறாது வெளிப்படும் ஆல்பாக் கதிர்கள் சுற்றியுள்ள அப்பிரகத்தைச் சிதைத்து நிறம் மாற்றுகின்றன. தோரியம் கதிர் வீசும் என்பது 1898-இல்தான் தெரியவந்தது. அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்னரே அது தன் கையொப்பத்தைக் கல்லில் இட்டு வைத்திருந்தது.

அத்துகள்களுள் ஒன்றே மோனசைட். தனித்திருத்தல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1829-இல் பிரைத்தாப்ட் இப்பெயரை அமைத்தார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதனைத் 'தனியன்' என்று எழுத ஆசைதான். வைணவ அன்பர்கள் வேறு பொருள் கொள்வார்கள் என்று விட்டுவிட்டோம்.

பாறை சிதைந்தாலும் இத்தனியன் எளிதில் சிதைவதில்லை. மழையும் ஆறும் கடலுக்குக் கொணர, அலை அதனைக் கரையில் ஒதுக்குகிறது. 1909-இல் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயனி, ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு அதன் பிறப்பிடம் மணவாளக்குறிச்சி எனக் கண்டறிந்தார். அன்று அது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலம், அதாவது இன்றைய தமிழ்நாடு. அம்மணல் அதன் பின்னுள்ள தென்மலைகளிலிருந்து வந்ததேயன்றி இடுக்கியிலிருந்து வந்ததன்று. ஆயினும் மலைகள் உறவினர்களே.

மேனாட்டார்க்கு அன்று வேண்டியது அணுசக்தியன்று, விளக்கு வலை. திருமண ஊர்வலங்களில் நாம் கண்ட பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெண்ணிற வலை பெரும்பாலும் தோரியம் ஆக்சைடே. பிரேசில் மணலைவிட நம் மணலில் தோரியம் மிகுதி. ஆயினும் விலை பேசியவர்கள் மணல் அள்ளிய நம் கூலியாட்கள் அல்லர். மணலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்களே பேசினார்கள். நம் மனத்தை உறுத்துவது இதுதான்.

1952 டிசம்பர் 24 அன்று, இடுக்கி மலையிலிருந்து இறங்கிவரும் பெரியாற்றின் கரையில், ஆலுவாயில், மோனசைட்டைப் பிரிக்கும் நம் நாட்டு ஆலையை நேரு திறந்து வைத்தார். 1955-இல் டிராம்பேயில் தோரிய ஆலை எழுந்தது. அங்கிருந்து நுண்ணோக்கியின் வேலை மீண்டும் தொடங்குகிறது. தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 3,300 பாகை செல்சியஸில்தான் உருகும். எனவே அதனை உருக்கி வார்ப்பது எளிதன்று. பொடியை அழுத்தி, சூளையில் சுட்டு, சிறு வில்லைகளாக்க வேண்டும். சுட்ட வில்லையை அறுத்து மெருகிட்டு நோக்கினால் மணிமணியான அமைப்பும் இடையிடையே நுண்துளைகளும் தோன்றும். அணு உலையில் பிறக்கும் வாயுக்கள் எங்கே தங்கும், வில்லை வீங்குமா, வெடிக்குமா என்பதை முன்கூட்டிச் சொல்வதற்கு இவ்வமைப்பை அறிந்தாக வேண்டும். தோரியத்திலிருந்து பெறும் யுரேனியம்-233 கொண்டு இயங்கும் 'காமினி' உலை 1996-இல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிற்று. அதன் வெப்ப ஆற்றல் வெறும் 30 கிலோவாட். தோரியம் இன்னும் நம் இல்லங்களில் விளக்கேற்றவில்லை. இடுக்கியில் அப்பணியை நீர்தான் செய்கிறது.

1951-இல் பிரான்சில் காஸ்டெய்ங் தம் ஆய்வேட்டில் விளக்கிய மின்னணு நுண்ணாய்வி வேறொரு கதவைத் திறந்தது. மோனசைட் துகளொன்றின் மீது நுண்ணிய மின்னணுக் கற்றையைப் பாய்ச்சி, தோரியமும் அதனின்று விளைந்த ஈயமும் எவ்வளவு என அளந்து, துகளின் வயதைக் கணக்கிடுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பரந்த பாறைகளில் அத்துகள்கள் பலவற்றின் வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள். ஒரே துகளுக்குள் நடுப்பகுதி மூத்ததாகவும் விளிம்பு இளையதாகவும் இருப்பதும் உண்டு, மரத்தின் வயிரம்போல.